கிராங்க் சீல் ஒழுகுகிறது என்றால் கியர் பாக்ஸை இறக்கியே ஆக வேண்டுமா?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஏனுங்க, என்னோடது 2009 மாடல் ஆல்டோ, பெட்ரோல். ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்குது. தோட்டத்துக் களத்தில் நிறுத்தினால் காலையில் அஞ்சாறு சொட்டு ஆயில் கீழே கிடக்குது. ஒரு மெக்கானிக் கிராங்க் சீல் போயிருச்சு, கியர் பாக்ஸை இறக்கணும்கிறார். இன்னொருத்தர் முன்னாடி சீல்தான், அரை நாள் வேலைங்கிறார். யார் சொல்றது சரிங்க? நானே மாத்த முடியுமா? இப்படியே ஓட்டினா என்ன ஆகும்?"

ரெண்டு பேர் சொல்வதுமே தப்பாக இருக்கலாம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழே சொட்டுகிற ஆயில் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொட்டும் இடத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. ஆயில் மேலே எங்கோ கசியும், எஞ்சின் மேலேயே வழிந்து வரும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும், கடைசியில் எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பின் ஏதோ ஒரு மூலையில் வந்து தொங்கும்.

பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டான கிராங்க் ஷாஃப்ட்டுக்கு இரண்டு முனை, ஒவ்வொரு முனையிலும் ஆயிலை வெளியே விடாமல் தடுக்கும் வளையமாக ஒரு சீல். பெல்ட்டும் புல்லியும் இருக்கும் பக்கத்தில் இருப்பது முன் சீல். ஃப்ளைவீலுக்குப் பின்னால், கியர் பாக்ஸ் ஒட்டும் பக்கத்தில் இருப்பது பின் சீல். உங்கள் ஆல்டோவில் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருப்பதால் இந்த முன், பின் என்பதை வண்டியின் முன், பின்னோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மெக்கானிக்கும் நீங்களும் பேசும்போதே பாதி குழப்பம் இங்கேதான் வரும். முன் சீலுக்குப் புல்லியையும், கிராங்க்கின் சுழற்சியைக் கேம் ஷாஃப்ட்டுக்குக் கடத்தும் டைமிங் பெல்ட்டையும் கழற்றினால் போதும். பின் சீலுக்குக் கியர் பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றும் வெளியே வந்தாக வேண்டும். சீல் விலை இரண்டுக்கும் சில நூறு ரூபாய்தான், வித்தியாசமெல்லாம் கூலியில்.

அதனால் முதல் வேலை கழுவுவது. வாட்டர் சர்வீஸில் விட்டு முழு பிரஷரில் அடிக்கச் சொல்லாதீர்கள், அந்தத் தண்ணீரும் மண்ணும் சீலின் உதட்டுக்குள்ளேயே (ஷாஃப்ட்டை உரசும் விளிம்பு) போகும். எஞ்சின் ஆறியபின் டிகிரீசரும் பிரஷும் வைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் சாதாரண பவுடரை டேப்பெட் கவர் (எஞ்சினின் மேல் மூடி) ஓரம், டைமிங் கவரின் அடிப்பகுதி, ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் ஃபில்டர், எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடம் என எல்லா இடத்திலும் லேசாகத் தூவுங்கள். கோபியிலிருந்து சத்தியமங்கலம் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, டார்ச் அடித்து மேலிருந்து கீழே பாருங்கள், கீழிருந்து மேலே அல்ல. பவுடர் நனைந்திருக்கும் இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ அதுதான் ஊற்று.

இந்த வயசு வண்டிகளில் டேப்பெட் கவர் பேக்கிங் கெட்டியாகிப்போய் அங்கிருந்து வழிவது மிகச் சாதாரணம். அது எஞ்சினின் பின்முனை வழியாக இறங்கினால் அப்படியே பின் சீல் ஒழுகுவது மாதிரியே தெரியும், கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்த பிறகுதான் உண்மை தெரியவரும். பிரஷர் சுவிட்ச்சும் அப்படித்தான். சொட்டுவதை விரலில் தொட்டு மோந்து பார்ப்பதும் நல்லது: கந்தக வாடை தூக்கலாக அடித்தால் அது கியர் ஆயில், கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீலோ ஆக்சில் சீலோ போயிருக்கிறது, கிராங்க் சீல் பாவம் அதில் சம்பந்தமே இல்லை.

சரி, பார்த்தாகிவிட்டது, புல்லிக்குப் பின்னால்தான் ஈரம், முன் சீலேதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் உடனே ஸ்பானரை எடுக்க வேண்டாம். சீல் ஏன் போனது என்று ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது, பெரும்பாலான பட்டறைகளில் அதை யாரும் கேட்பதில்லை, அதனால்தான் புதுச் சீல் போட்ட ஆறே மாதத்தில் வண்டி மறுபடி வந்து நிற்கிறது.

பிஸ்டன் ரிங் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அதை பிசிவி வால்வு வழியாக எஞ்சின் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த வால்வோ அதன் ரப்பர் ஹோஸோ கசடு பிடித்து அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும், ஏறிய அழுத்தம் எது பலவீனமோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்தத் துளையின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் காகிதத்தை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் நல்லது. புஸ்ஸென்று தூக்கி எறிந்தால் முதலில் ஹோஸையும் வால்வையும் பாருங்கள். வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். அவையெல்லாம் சுத்தமாக இருந்தும் தள்ளுகிறது என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், ரிங் தேய்ந்த எஞ்சினுக்கு எத்தனை சீல் போட்டாலும் நிற்காது. டிப் ஸ்டிக்கையும் பார்த்துவிடுங்கள். குறைகிறதே என்று மேல் கோட்டைத் தாண்டி ஊற்றி வைத்திருப்பவர்கள் நிறைய, அதுவும் கசிவைக் கூட்டும்.

மாற்றும் வேலைக்கு வருவோம். நீங்களே செய்யலாமா என்றால், முன் சீலைச் செய்யலாம், டைமிங் பெல்ட் ஏற்கெனவே ஒருமுறையாவது மாட்டிப் பழகியிருந்தால். பழகாதவர் தனியாக இறங்க வேண்டாம். பின் சீலை வீட்டுக் களத்தில் வைத்துச் செய்யவே வேண்டாம், ஜாக் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் கியர் பாக்ஸைக் கையில் தாங்குவது விளையாட்டு அல்ல.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி (செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் ஸ்டாண்டு ஆகாது), முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்கு (டாப்) கொண்டுவந்து, டைமிங் குறிகளை பெயிண்டால் தொட்டு வைத்துக்கொள்ளுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். கிராங்க் போல்ட் சுலபத்தில் அசையாது. டாப் கியரில் போட்டு ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, நீள பைப் மாட்டிய ஸ்பானரால் திருப்பலாம். ஸ்பானரைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரை ஒரு தட்டு தட்டுவார்கள் சிலர், அது கையை உடைக்கும் வித்தை. சில எஞ்சின்களில் இந்த போல்ட் இடது மரை, அதாவது எதிர்த்திசையில் கழற்ற வேண்டியது, சிலவற்றில் புல்லிக்குச் சாவியே (ஷாஃப்ட்டில் நழுவாமல் பிடிக்கும் சின்ன இரும்புத் துண்டு) கிடையாது, போல்ட்டைத் தளர்த்தியதும் டைமிங் நழுவிவிடும். ஆகவே இதைப் படித்துவிட்டு வேறு வண்டியில் கை வைப்பவர்கள் அந்த எஞ்சினின் மேனுவலைப் பார்க்காமல் தொடாதீர்கள்.

பழைய சீலை எடுப்பதில்தான் முக்கால்வாசி வேலை கெடுகிறது. ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு நெம்பினால் ஷாஃப்ட்டில் ஒரு கீறல் விழும், முடி அளவு கீறல் போதும், புதுச் சீல் முதல் நாளே ஒழுகும். சீலின் முகத்தில், ஷாஃப்ட்டைத் தொடாமல், ஒன்றுக்கு ஒன்று எதிரே இரண்டு சின்ன துளை போட்டு, ஸ்க்ரூ முறுக்கி, பிளையரால் மாற்றி மாற்றி இழுங்கள். ஸ்க்ரூ ஆழமாகப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பின்னால் இருப்பது ஆயில் பம்ப்.

இப்போது ஷாஃப்ட்டைத் துடைத்துவிட்டு நகத்தை நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள். பழைய உதடு உரசிய இடத்தில் ஒரு வளையப் பள்ளம் இருக்கும். ரப்பர் எப்படி இரும்பைத் தேய்க்கும் என்று கேட்பார்கள். தோட்டத்து மண் சாலைப் புழுதி உதட்டில் ஒட்டிக்கொண்டால் அது உப்புத்தாள்தானே. நகம் தட்டாவிட்டால் கவலை இல்லை. தட்டினால் இரண்டு வழி: ஹவுசிங்கில் இடம் இருந்தால், ஆயில் திரும்பும் ஓட்டையை மறைக்காமல், புதுச் சீலை ஒரு மில்லிமீட்டர் முன்னேயோ பின்னேயோ உட்காரவைத்து உதட்டைப் புது இடத்தில் உரசவிடலாம். இல்லாவிட்டால் ஷாஃப்ட் மேல் ஏற்றும் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் கிடைக்கிறது, கால் மில்லிமீட்டர் கனம் இருக்கும், கோவையில் பேரிங், சீல் விற்கும் கடைகளில் ஷாஃப்ட் அளவு சொல்லிக் கேளுங்கள். கோவை கணபதிப் பக்கம் லேத்தில் கொடுத்து வெல்டு வைத்துக் கடைந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள், மோட்டார் ஷாஃப்ட்டுக்குச் செய்வதைக் கிராங்க்குக்குச் செய்யக் கூடாது. எம்ரி ஷீட் போட்டே ஆக வேண்டும் என்றால் மிக நைஸானதை எடுத்துச் சுற்றுவாக்கில் மட்டும் தேயுங்கள், குறுக்குக் கோடு விழுந்தால் அந்தக் கோடே ஆயிலை வெளியே கடத்தும்.

அதே நேரத்தில் ஷாஃப்ட்டை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கைக்கே ஆட்டம் தெரிந்தால் மெயின் பேரிங் தேய்ந்திருக்கிறது, அங்கே சீல் பேச்சே வேண்டாம்.

கம்பெனிச் சீலேதான் வேண்டுமா? நல்ல தயாரிப்பாளருடையதாக இருந்தால் வெளியே வாங்கியதும் சரிதான், ஆனால் மெட்டீரியல் கேளுங்கள். சாதாரண நைட்ரைல் ரப்பர் நூறு டிகிரி தாண்டினாலே சீக்கிரம் கெட்டியாகும், விட்டான் வகை இருநூறு டிகிரி வரை தாங்கும். சீல் மேல் மூன்று எண்கள் வரிசையாக இருக்கும், உள்விட்டம், வெளிவிட்டம், அகலம், பழையதோடு ஒத்துப்பாருங்கள். சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதையும். பாக்கெட்டில் கிடந்து உதடு கெட்டியாகிப்போன பழைய ஸ்டாக் என்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்பிரிங் தெரியும் பக்கம் எஞ்சினுக்குள் பார்க்க வேண்டும். ரப்பர் உதடு என்றால் எஞ்சின் ஆயில் தடவி ஏற்றுங்கள். டெஃப்லான் உதடு என்றால் எதையும் தடவாமல் உலர்வாக, அதோடு வரும் பிளாஸ்டிக் வழிகாட்டியோடு. சாவி வைக்கும் பள்ளத்தின் விளிம்பு உதட்டைக் கிழிக்கும், மேலே வழவழப்பான டேப் ஒட்டிக்கொண்டால் தப்பிக்கலாம். சீலின் வெளிவிட்டத்துக்குச் சரியான ஒரு பைப்பையோ பெரிய சாக்கெட்டையோ வைத்து நாலாபக்கமும் சமமாகத் தட்டுங்கள், பழையது இருந்த ஆழத்துக்கு. கோணலாகப் போனால் வெளியே எடுத்து எறிந்துவிட்டு வேறு வாங்குங்கள். உதட்டில் அனபாண்ட் பசை அப்புவது வேண்டவே வேண்டாம்.

ஆயில் நனைந்த டைமிங் பெல்ட்டைத் துடைத்து மறுபடி மாட்டாதீர்கள், ரப்பர் ஊறிப் பல் பிய்ந்து போகும். பெல்ட், டென்ஷனர், கூடவே கேம் ஷாஃப்ட் சீலையும் மாற்றிவிடுங்கள், எல்லாம் கண்ணெதிரே திறந்துதானே கிடக்கிறது. மாட்டியதும் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகள் திரும்பவும் ஒத்துவருகிறதா பார்த்த பிறகே கீயைத் தொடுங்கள். கிராங்க் போல்ட்டை டார்க் ரென்ச்சில் மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள், ஏர் கன் போட்டு அல்ல.

பின் சீல்தான் என்று உறுதியானால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள், அதே கூலியில் முடியும். பிளேட்டில் ஆயில் ஏறியிருந்தால் கழுவிப் போடுவது வேலைக்கு ஆகாது. ஃப்ளைவீல் போல்ட்டுகள் திரும்பப் போடத் தக்கவையா என்றும் கேளுங்கள்.

இப்படியே ஓட்டினால்? கசிவு முன் சீலில் என்றால் பெல்ட் நனைகிறது, அதனால் தள்ளிப்போடாதீர்கள். பின் சீலில் லேசான கசிவு என்றால் வாரத்துக்கு ஒருமுறை டிப் ஸ்டிக் பார்த்துக்கொண்டு சில மாதம் ஓட்டலாம். மூன்று லிட்டர் அளவு ஆயில் பிடிக்கும் சின்ன எஞ்சின் என்பதை மறக்க வேண்டாம். கிளட்ச் நழுவ ஆரம்பித்துவிட்டால் மட்டும் நாள் கடத்தாதீர்கள், குறிப்பாகத் திம்பம் மலைப்பாதை ஏறுகிற ஆளாக இருந்தால். 27 கொண்டை ஊசி வளைவில் எந்த வளைவில் நின்றுபோகும் என்று சொல்ல முடியாது. ஸ்டாப் லீக் என்ற கசிவு மருந்தை ஊற்றச் சொல்வார்கள், அது ரப்பரை ஊதவைத்துக் கொஞ்ச நாள் தாக்காட்டும், பிறகு இன்னும் மென்மையாக்கிக் கெடுக்கும். கெட்டி ஆயில் ஊற்றுவதும் கசிவை நிறுத்தாது.

வேலை முடிந்த அடுத்த சில நாள் இரண்டொரு சொட்டு விழுந்தால் பதற வேண்டாம், கவரின் மடிப்பில் தங்கிய பழைய ஆயிலாக இருக்கலாம். மறுபடி துடைத்து, பவுடர் தூவி, ஒரு ஓட்டு ஓட்டிப் பாருங்கள். பட்டறையில் கொடுத்துச் செய்தால் கழற்றிய சீலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உதடு கண்ணாடி மாதிரி கெட்டியாகி வெடித்திருந்தால் அது வயசாகிப் போனது. உதடு இன்னும் மெத்தென்று முழுசாக இருந்தால், மாற்ற வேண்டியது வேறு எதையோ, பிசிவி ஹோஸிலிருந்து மறுபடி தேட ஆரம்பியுங்கள்.