அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோக்களின் வெள்ளி நகைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: காப்பின் உட்புறம் ‘ஸ்டெர்லிங்’ என்று இருக்கிறது. நவஹோ வேலைதானே?

ப: அது நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரை வெள்ளி என்பதற்கான சான்று, அவ்வளவுதான். தாய்லாந்தில் செய்தாலும் அதே முத்திரைதான்.

கே: ‘யு.எஸ். நவஹோ’ என்றும் ஓர் எண்ணும் இருக்கின்றன. எந்தக் கொல்லர்?

ப: 1930களின் கடைசியில் அமெரிக்க அரசு வாரியம் இட்ட தர முத்திரை. எண் வணிகரையோ பள்ளியையோ குறிக்கும். கொல்லரைத் தேட உதவாது.

கே: 1900 வாக்கில் செய்தது என்று விற்றார்கள். முத்திரையே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

ப: முத்திரை இல்லை என்பதை மட்டும் வைத்து ஏமாந்ததாகச் சொல்ல முடியாது. அன்று அமெரிக்க, மெக்சிக நாணயங்களை உருக்கி வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெயர் இட்டதில்லை. அந்த வழக்கம் 1930களை ஒட்டித்தான் பரவியது. 1900 காப்பில் முத்திரை இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

கே: ‘எஃப்.பி.’ முத்திரை. படம் இணைத்துள்ளேன். யார் செய்தது, என்ன விலை?

ப: இணைத்திருப்பது இரண்டு எழுத்துகளின் மங்கலான படம். காப்பு எங்கே? முன்புறம், பின்புறம், விளிம்பு, கல்லைப் பிடித்திருக்கும் சுற்றுக்கட்டு என எல்லாவற்றையும் அனுப்புங்கள் என்று எத்தனை முறை எழுதுவது! செய்தவர் புகழ்பெற்ற கொல்லர் ஃபிரெட் பெஷ்லகாய் என்று நான் சொல்லிவிட வேண்டும் என்பது உங்கள் ஆசை, புரிகிறது. நவஹோக்களில் வெள்ளி வேலையைத் தொடங்கிவைத்தவராகக் கருதப்படும் அத்சிடி சானியின் தம்பி மகன் அவர். 1930களில் நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் விங்கேட் பள்ளியில் ஃபிரெட்டிடம் பயின்ற கொல்லர் கென்னத் பெகே. பிற்பாடு அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் ‘ஒயிட் ஹோகன்’ பட்டறையில் பெயர் பெற்றார். தகப்பனிடமிருந்து மகனுக்கும் ஆசானிடமிருந்து மாணவனுக்கும் இப்படிக் கைமாறி வந்த தொழில் இது. அதை இரண்டு எழுத்துக்குள் அடைக்காதீர்கள். ஃபிரெட்டின் சகோதரர் ஃபிராங்கும் வெள்ளிக் கொல்லர்தான். அவருக்கும் அதே முதலெழுத்துகள். போதாததற்குப் போலி முத்திரைகளும் சந்தையில் உலவுகின்றன. ஓர் எஃகுத் துண்டில் இரண்டு எழுத்தை யாரும் வெட்டிவிடலாம். ஃபிரெட்டின் தடித்த வெள்ளியையும் ஆழமான, பிசகாத உளி வேலையையும் அப்படி எளிதில் நகலெடுக்க முடியாது. வேலையைப் பாருங்கள், பிறகு முத்திரைக்கு வாருங்கள். விலையைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

கே: எனக்கு விற்றவரும் பெகே. கென்னத் பெகேவின் உறவினரா?

ப: நவஹோ நாட்டில் எங்கு திரும்பினாலும் பெகேக்கள் உண்டு. மேலும் அவர்கள் குலம் தாய்வழியில் வருவது. குடும்பப் பெயரை வைத்து உறவு கட்டாதீர்கள்.

கே: கறுத்துவிட்டது. வெள்ளி கழுவும் ரசாயனத்தில் முக்கலாமா?

ப: கூடவே கூடாது. பள்ளங்களில் உள்ள கறுப்பு அழுக்கல்ல. செதுக்கு வேலை எடுப்பாகத் தெரியக் கொல்லரே கந்தகம் கொண்டு ஏற்றியது. நீலப்பச்சை நிற டர்காய்ஸ் கல்லும் ரசாயனத்தை உறிஞ்சி நிறம் மாறும். மென்துணி போதும். மெருகுச் சக்கரத்தில் கொடுத்தால் முத்திரையும் தேய்ந்துபோகும்.

கே: கடைக்காரர் ‘நவஹோ பாணி’ என்கிறார். வாங்கலாமா?

ப: நவஹோ செய்ததாகப் பொய் சொல்லி விற்பது அமெரிக்காவின் 1990 சட்டப்படி குற்றம். ‘பாணி’ என்ற சொல் அந்தச் சட்டத்திலிருந்து நழுவுவதற்காக. செய்தவர் பெயர், பழங்குடி இரண்டையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு கடைக்குப் போங்கள்.