ஓய்வுக்குப் பிறகு பிஐபி அட்டை: 30 ஆண்டு அனுபவத்தை எப்படி நிரூபிப்பது?

கேள்வி: எனக்கு 66 வயது. மூன்று தமிழ் நாளிதழ்களில் மொத்தம் 34 ஆண்டுகள் வேலை பார்த்தேன். பிற்பாதி முழுக்க டெல்லி நிருபர். ஓய்வு பெற்றபோது பிஐபி (மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம்) தந்த அங்கீகார அட்டையை ஒப்படைத்துவிட்டேன். மூத்த பத்திரிகையாளர் என்ற முறையில் மறுபடி வாங்க முடியுமா? நான் முதலில் சேர்ந்த பத்திரிகை இப்போது இல்லை. (டெல்லி வாசகர்)

பதில்: விண்ணப்பிக்கலாம். பழைய அட்டை நிறுவனத்தின் சார்பில் வந்தது, வேலையோடு அதுவும் போயிற்று. இப்போது கேட்பது உங்கள் சொந்தப் பெயரில் புது அங்கீகாரம். 2022 பிப்ரவரியில் வெளியான மத்திய ஊடக அங்கீகார வழிகாட்டு நெறிமுறைகள், 65 வயதைத் தாண்டி, 30 ஆண்டுக்கு மேல் அனுபவமும் உள்ளவர்களுக்கு இடம் தருகின்றன. இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். அதனால் 58-லோ 60-லோ ஓய்வு பெற்றவர்கள் 65 வரை ஃப்ரீலான்சர் பிரிவைத்தான் நாட வேண்டியிருக்கிறது. அதற்கு 15 ஆண்டு அனுபவம் வேண்டும். இந்த இடைவெளி நியாயமில்லை என்பதே எங்கள் கருத்து.

உங்களுக்கு வயது சிக்கலில்லை. உழைக்க வேண்டியது அந்த 30 ஆண்டுக்கு ஆதாரம் திரட்டுவதில்தான். வெட்டி ஒட்டிய செய்திகளை மட்டும் நம்பாதீர்கள். அந்நாளைய தமிழ் நாளிதழ்களில் பெரும்பாலும் 'நமது நிருபர்' என்றுதானே வரும், எழுதியவர் யார் என்று அதில் எப்படித் தெரியும்? சம்பளத் தாள்கள்தான் பேசும். பத்திரிகை ஊழியர்களுக்கான பச்சாவத், மணிசானா, மஜீதியா ஊதியக் குழுக்கள் வந்தபோது நிறுவனம் கொடுத்த ஊதிய நிர்ணய ஆணை இருந்தால் அதுவே முதல் தரமான சான்று. பதவி, சம்பள விகிதம், பல சமயம் பணியில் சேர்ந்த தேதி எல்லாம் ஒரே தாளில் இருக்கும்.

மூடிய பத்திரிகைக்கு வருங்கால வைப்பு நிதி (பிஎஃப்) ஆவணங்களைப் பிடியுங்கள். அங்கிருந்து அடுத்த நிறுவனத்துக்கு பிஎஃப் பணத்தை மாற்றியிருந்தால், 'அனெக்ஷர் கே' என்ற மாற்றப் படிவத்தில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கும். பிஎஃப்போடு சேர்ந்த ஈபிஎஸ் ஓய்வூதியம் வாங்குகிறீர்கள் என்றால் பிபிஓ என்ற ஓய்வூதிய ஆணையில் பணிக்காலக் கணக்கு இருக்கும். இரண்டும் கையில் இல்லையென்றால், பழைய பிஎஃப் எண்ணைக் குறிப்பிட்டு, அந்த நிறுவனம் எந்த வட்டாரத்தில் இருந்ததோ அந்த பிஎஃப் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பெயர் போட்டு வந்த கட்டுரைகள் துணைச் சான்று. பிரதி தொலைந்திருந்தால் கன்னிமாரா நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பில் தேடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒற்றைத் தாளில் அட்டவணை வையுங்கள்: பத்திரிகை, பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, சான்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது. 'சுமார் பத்தாண்டு பணியாற்றினார்' என்று பழைய ஆசிரியர் தரும் கடிதம் உதவாது. நாள், மாதம், ஆண்டு வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது பெயரில். பிஎஃப்பில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் அப்பா பெயரை விரித்து இன்னொன்று, கட்டுரைகளில் புனைபெயர். மூன்றும் ஒருவரே என்று நோட்டரி கையெழுத்துடன் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று போட்டு முதலிலேயே இணைத்துவிடுங்கள்.

விண்ணப்பத்தை பிஐபி இணையதளத்தில் பதிய வேண்டும். பாதுகாப்புச் சரிபார்ப்பும் உண்டு. பழைய செய்திக்காக அவதூறு வழக்கு ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லி, முடிந்திருந்தால் தீர்ப்பு நகலையும் வையுங்கள். ஓய்வுக்குப் பின் கட்சிக்கோ கம்பெனிக்கோ மக்கள் தொடர்பு வேலை பார்த்தால் அட்டை கேட்க வேண்டாம். பத்திரிகைத் தொழில் அல்லாத காரியத்துக்குப் பயன்படுத்தினால் அங்கீகாரம் பறிபோகும்.

அட்டை வந்தால் என்ன கிடைக்கும்? இந்த வயதில் பெரிய பயன், சிஜிஹெச்எஸ் (மத்திய அரசு சுகாதாரத் திட்டம்) மருந்தகங்களில் புறநோயாளி சிகிச்சையும் டெல்லி ஆர்எம்எல் (ராம் மனோகர் லோகியா) மருத்துவமனை வசதியும். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ரயில் கட்டணச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள், அது 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. நாடாளுமன்றப் பத்திரிகையாளர் மாடத்துக்கு இந்த அட்டை போதாது; அதற்கான பாஸை அவைச் செயலகங்களே தருகின்றன. விசிட்டிங் கார்டிலோ சமூக ஊடகப் பக்கத்திலோ 'இந்திய அரசின் அங்கீகாரம் பெற்றவர்' என்று போட்டுக்கொள்ளவும் விதி தடுக்கிறது.

இது டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் வசிப்பவர்களுக்கான அட்டை. சென்னைக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால், இதே சான்றுகளின் நகலோடு செய்தி மக்கள் தொடர்புத் துறையை அணுகுங்கள். மாநில அங்கீகாரமும் ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் ஓய்வூதியமும் அந்தத் துறையின் பொறுப்பு. இரண்டுக்கும் தனித்தனி மனு.