பழைய ஸ்லேட் மேசையா, புதிய பலகை மேசையா? வீட்டுக்குப் பூல் மேசை வாங்கும் முன்

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். எங்கள் வீட்டின் முதல் மாடியில் 13 அடி அகலமும் 17 அடி நீளமும் கொண்ட அறை ஒன்று பயன்பாடின்றிக் கிடக்கிறது. நானும் என் மகனும் ஆடுவதற்கு அங்கே ஒரு பூல் மேசை போட விரும்புகிறேன். மூடவிருக்கும் விளையாட்டுக் கூடம் ஒன்றில் ஸ்லேட் கல் பதித்த 12 ஆண்டு பழைய எட்டடி மேசை விலைக்கு வருகிறது. அதைக் கழற்றி, ஏற்றி, பூட்டி முடிக்க ஆகும் மொத்தச் செலவில், எம்.டி.எஃப். பலகை போட்ட புதிய எட்டடி மேசையே கடையில் கிடைக்கிறது. எதை வாங்குவது? மாடித் தளம் எடையைத் தாங்குமா?

பதில்: மேசையை விட்டுவிட்டு முதலில் அறைக்கு வருவோம். ‘எட்டடி’ என்பது விற்பனைப் பெயர்தான். அறைக்குப் பொருந்துமா என்று கணக்கிட வேண்டியது, ஒரு பக்கக் குஷனின் (பந்து மோதித் திரும்பும் ரப்பர் விளிம்பின்) மூக்கிலிருந்து எதிர்ப்பக்கக் குஷனின் மூக்கு வரையுள்ள ஆடுபரப்பை. எட்டடி மேசையில் அது 88 அங்குல நீளமும் 44 அங்குல அகலமும் இருக்கும். ஏழடி மேசையில் பெரும்பாலும் 78-க்கு 39, ஒன்பதடியில் 100-க்கு 50. பந்து குஷனை ஒட்டி நிற்கும்போதும் கியூவை, அதாவது பந்தை அடிக்கும் கோலை, நேராகப் பின்னிழுத்து அடிக்க வேண்டுமானால், இந்தப் பரப்பைச் சுற்றி நான்கு பக்கமும் ஏறத்தாழ 58 அங்குலக் கியூவின் நீளமும், கை பின்னே போவதற்குச் சில அங்குலங்களும் வேண்டும். உங்கள் அறையின் அகலம் 156 அங்குலம். அதில் 44 போக எஞ்சும் 112-ஐ இரண்டாகப் பிரித்தால் பக்கத்துக்கு 56 அங்குலம்தான் கிடைக்கிறது. நீளவாக்கில் 58 கிடைக்கும். அதுவும் ‘போதும்’ என்று சொல்லக்கூடியதே தவிர, தாராளம் அல்ல.

ஆகவே எட்டடி மேசை உங்கள் அறையில் அமரும். ஆனால் பக்கச் சுவரை ஒட்டி அடிக்கும் சில அடிகளுக்கு 48 அல்லது 52 அங்குலக் குட்டைக் கியூ ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கும். வளரும் பையனுக்கு அது எப்படியும் பயன்படும் என்பதால் இதை நான் பெரிய குறையாகக் கருதவில்லை. ஆனால் அறைக்குள் துருத்தி நிற்கும் தூண், அலமாரி, உள்பக்கம் திறக்கும் கதவு ஆகியவை இருந்தால் கணக்கே மாறிவிடும். அப்போது ஏழடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தரையில் சாக்பீஸால் 88-க்கு 44 செவ்வகம் வரைந்து, நீளமான துடைப்பக் கட்டை ஒன்றைக் கியூவாகப் பிடித்து நான்கு மூலையிலும் நின்று பார்ப்பது, எந்த அட்டவணையையும் விட நம்பத்தக்க சோதனை.

எடையைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் உங்கள் அளவு மேசைக்கு அது பொதுவாகத் தேவையற்றது. ஒரு அங்குலக் கனமுள்ள ஸ்லேட் போட்ட எட்டடி மேசை மொத்தமாக ஏறத்தாழ 400 கிலோ வரும். வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ, சுமை தாங்கும்படி வடிவமைக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 875 இந்தியத் தரக் குறியீடு. மேசை மூன்றரைச் சதுர மீட்டர் இடத்தை அடைப்பதால், அதன் எடை சதுர மீட்டருக்கு 115 கிலோ அளவிலேயே நிற்கிறது. முறையாகக் கட்டப்பட்ட ஆர்.சி.சி. தளத்துக்கு இது பளுவாகாது. எடை கால்களின் வழியே இறங்குவதால், ஒவ்வொரு காலடியிலும் கனமான ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றை வைத்தால் தரை ஓடு விரிசல் விடாமல் தப்பும். உங்களுடையது மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் நான் சொன்ன கணக்கு செல்லாது. கட்டடப் பொறியாளரிடம் காட்டாமல் மேசையை ஏற்றாதீர்கள்.

இனி மேசைக்கு வருவோம். பூல் மேசை என்பது அடிப்படையில் மட்டமாக வைக்கப்பட்ட ஒரு கல். ஸ்லேட் ஈரத்தால் ஊதுவதில்லை, வெயிலால் வளைவதில்லை, ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் இழைத்த அன்று இருந்தபடியே இருக்கும். துணி, ரப்பர், பந்து விழும் பாக்கெட் எல்லாம் தேயும், மாற்றிக்கொள்ளலாம். எம்.டி.எஃப். என்பது மரநாரை அழுத்திச் செய்த பலகை. இரண்டு மழைக்காலம் ஜன்னல் திறந்து கிடந்தாலோ, யாராவது ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்தாலோ அது உப்பும். உப்பிய பலகையை மறுபடி மட்டமாக்க வழியில்லை. இடையில் மூன்றாவதாக, நம் நாட்டுத் தயாரிப்பாளர்கள் சிலர் பளிங்குக் கல் போட்டும் மேசை செய்கிறார்கள். ஒழுங்காக இழைத்திருந்தால் வீட்டு ஆட்டத்துக்கு அது குறையில்லை. உங்கள் முன்னாலுள்ள இரண்டில், கல்லும் சட்டமும் நன்றாக இருக்கும் பட்சத்தில், நான் யோசிக்காமல் பழையதையே எடுப்பேன்.

அந்தப் ‘பட்சத்தில்’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. எனவே பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம், நல்ல பந்து இரண்டு எடுத்துச் செல்லுங்கள். கூச்சப்படாமல் மேசைக்கு அடியில் படுத்துப் பாருங்கள். கல் வழக்கமாக மூன்று துண்டாக இருக்கும். திருகு இறங்கும் துளைகளைச் சுற்றியும் பாக்கெட் வளைவுகளிலும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். வெடிப்பு இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். சட்டத்திலும் கால்களிலும் கரையான் மண்ணோ, துளையிலிருந்து உதிரும் மாவுத்தூளோ தெரிந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். அது மேசையோடு நின்றுவிடாமல் உங்கள் வீட்டு ஜன்னல் சட்டங்களுக்கும் பரவும். பந்து ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடுவதும், கல் இணையும் இடத்தில் ‘டக்’ என்று துள்ளுவதும் பயமுறுத்தத் தேவையில்லாத குறைகள். மறுபடி பூட்டும்போது ஆப்பு வைத்து மட்டம் பார்த்து, இணைப்பில் மெழுகோ புட்டியோ அடைத்தால் அவை தீரும்.

குஷனைச் சோதிக்க, ஒரு பந்தை நீளவாக்கில் ஓங்கி அடியுங்கள். நல்ல ரப்பர் பந்தை மேசையின் நீளத்தைப்போல் நான்கு மடங்கு தூரம் ஓடவிடும். மூன்றுக்கு மேல் வந்தாலும் வீட்டுக்குப் போதும். இரண்டிலேயே சோர்ந்தால் ரப்பர் இறுகிவிட்டது என்று பொருள். அப்படியானால் ஆறு குஷனையும் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். கூடவே, அந்த மேசையில் எந்த அளவுப் பந்தால் ஆடினார்கள் என்று கேளுங்கள். அமெரிக்க முறைப் பந்து 57.2 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது; ஆங்கிலேய முறைப் பந்து அதைவிடச் சிறியது. குஷன் மூக்கின் உயரம் பந்து விட்டத்தில் ஏறத்தாழ 63 சதவீதம், அதாவது அமெரிக்கப் பந்துக்கு 36 மில்லிமீட்டர், இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால், புத்தம்புதிய ரப்பராக இருந்தாலும் பந்து துள்ளும், அல்லது குஷனின் அடியில் செருகும்.

துணியைப் பொருட்படுத்த வேண்டாம். இடம் மாற்றும்போது பழைய துணியை உரித்துத்தான் ஆக வேண்டும். பழையதையே மறுபடி இழுத்துக் கட்டச் சொல்வது பொய்யான சிக்கனம். மேற்கு வெயில் நேராக விழும் ஜன்னலுக்குத் திரை போட்டால் புதிய துணி நீண்ட நாள் வரும்.

இப்படித் தேடும்போது கிளப்புகளிலிருந்து வரும் பழைய பன்னிரண்டடி ஸ்னூக்கர் மேசை ஒன்றும் கண்ணில் படலாம். ஸ்னூக்கர் விதிகள் 1882-இல் எழுதி மாட்டப்பட்டது உங்களுக்கு மேலேயுள்ள மலையில், உதகமண்டலம் கிளப்பில்தான் என்பதால், நீலகிரியிலும் கோவையிலும் அந்த மேசைகள்மீது பலருக்கு ஒரு மயக்கம் உண்டு. ஆனால் அது ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ளது. அதற்கு 22 அடிக்கு 16 அடி அறை வேண்டும். உங்கள் மாடிக்கு அது ஆகாது.

கடைசியாக ஆள். கல் துண்டு ஒவ்வொன்றும் 70 கிலோவுக்கு முன்பின்னாக இருக்கும். மாடிப்படித் திருப்பத்தில் அதை நட்டமாகத் தூக்க நான்கு பேர் வேண்டும். வீட்டுச் சாமான் ஏற்றும் ஆட்களிடம் இதை ஒப்படைக்காதீர்கள். மேசையைக் கழற்றுபவரும் பூட்டுபவரும் ஒரே மெக்கானிக்காக இருக்கட்டும். கழற்றும்போதே கல்லுக்கும் சட்டத்துக்கும் எண் போட்டு, படமும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூலியில் ஒரு பகுதியை, நீங்கள் ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகு தருவதாகவும், சட்டம் படிந்து அமர்ந்த இரண்டு மூன்று மாதம் கழித்து அவர் ஒருமுறை வந்து மட்டத்தைச் சரிசெய்து தர வேண்டும் என்றும் தொடக்கத்திலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.