பதரும் பென்னுவும்

அன்புள்ள ஐயா,

பென்னு என்ற சிறுகோள் 2182-இல் பூமியில் மோதும் என்ற செய்தியை வாசித்ததிலிருந்து என் மகள் இரவில் தூங்குவதில்லை. மோதுமா? அங்கே உலோகம் வெட்டியெடுக்கலாம் என்பது உண்மையா? அதன் உட்புறத்தில் பாதி வெற்றிடம் என்கிறார்கள். யாரும் துளையிட்டுப் பார்க்காதபோது இதெல்லாம் வெறும் ஊகம்தானே?

கவிதா

அன்புள்ள கவிதா,

உலோகப் பேச்சை விடுங்கள், அதற்கு இப்போது அவசரமில்லை. ‘வெறும் ஊகம்’ என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! சில வாரங்களாக நான் மனதுக்குள் சண்டையிட்டுக்கொண்டிருக்கும் சொல் அது.

என் அப்பா நெல் வியாபாரி. மூட்டையைக் கொட்டிப் பார்க்கமாட்டார். ஒரு மரக்கால் அளந்து நிறுப்பார். எடை குறைந்தால், “பதர்” என்பார். சிறுவயதில் ஒருநாள், “குத்துமதிப்பாகச் சொல்கிறீர்கள்” என்றேன். மரக்காலை என் கையில் கொடுத்தவர் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

பென்னுவிலும் அதுதான் நடந்தது. 2018 டிசம்பரில் அங்கு சென்ற ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் எடுத்த படங்களிலிருந்து பருமன் கிடைத்தது. பென்னுவின் ஈர்ப்பால் கலத்தின் வேகம் நூலளவு மாறும். அது அனுப்பும் ரேடியோ அலையின் அதிர்வெண்ணில் அந்த மாற்றம் பதியும். அதிலிருந்து நிறை. அரை கிலோமீட்டர் அகலமுள்ள அந்தக் கற்குவியலின் அடர்த்தி தண்ணீரைவிட ஐந்தில் ஒரு பங்குதான் அதிகம். அதே வகை விண்கற்களோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய பாதி வெற்றிடம்.

அடுத்து நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. 2019 ஜனவரியில் பென்னு தானாகவே சிறு கற்களை வீசியது. யாரும் எதிர்பார்க்கவில்லை. சில கற்கள் நாட்கணக்கில் அதையே சுற்றிவிட்டு விழுந்தன. கலம் நெருங்காத அளவுக்கு அவை தரையை ஒட்டிப் பறந்ததால், ஈர்ப்பின் ஏற்றத்தாழ்வுகள் அவற்றின் பாதையில் தெரிந்தன. படங்களில் ஒளிப்புள்ளிகளாகத் தெரிந்த அந்தக் கற்களைப் பொறுமையாகத் தொடர்ந்து, மையமும் நடுக்கோட்டுப் புடைப்பும் மற்ற இடங்களைவிட அடர்த்தி குறைந்தவை என்று கண்டார்கள். இதையா ஊகம் என்கிறீர்கள்? இத்தனை பேரின் உழைப்பை ஒரு சொல்லில் தள்ளிவிடாதீர்கள்.

துளையும் விழுந்தது. 2020 அக்டோபர் 20 அன்று மண் அள்ளச் சென்ற கலத்தின் கை, தடையே இல்லாமல் அரை மீட்டர் இறங்கியது. உந்துபொறிகளை இயக்கி மேலெழாவிட்டால் இன்னும் புதைந்திருக்கும்.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மோதும் என்று எவரும் கணக்கிடவில்லை. 2182 செப்டம்பரில் அதற்கான வாய்ப்பு சுமார் 2,700-இல் ஒன்று. அவள் எண்ணை நம்பத் தயங்கினால், ஓர் உழக்கு அரிசியையும் ஓர் உழக்குப் பொரியையும் அளந்து இரண்டு கைகளிலும் கொடுங்கள். உங்கள் கைகளிலும் வாங்கிப் பாருங்கள்.