வாடகை வீட்டுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு வகுப்பு: என்ன இலக்கு வைக்கலாம்?

சிங்கப்பூரில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாடகை புளோக்கில் தொடக்கநிலை 3, 4 பிள்ளைகளுக்கு வாரம் 2 மணி நேரம் துணைப்பாடம் நடத்தப் போகிறீர்கள், எதைக் குறிவைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மதிப்பெண்ணை முதல் இலக்காக வைக்காதீர்கள். வாசிப்பை வையுங்கள். கணக்கில் தடுமாறும் பல பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் நன்றாகவே வரும். கேள்வியின் வாக்கியம்தான் பிடிபடாது. ‘மாலாவிடம் 30 ஸ்டிக்கர்கள். அது ரவியிடம் இருப்பதைவிட 12 அதிகம். ரவியிடம் எத்தனை?’ ‘அதிகம்’ என்பதைப் பார்த்ததும் 42 என்று எழுதிவிடுவார்கள். பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லி, யாரிடம் கூடுதல் என்று முதலில் வாயால் சொல்ல வையுங்கள். பிறகு மாலாவுக்கு நீளமாக ஒரு பட்டை, ரவிக்குக் குட்டையாக ஒரு பட்டை வரையட்டும். 18 தானாக வரும்.

புத்தகம் தேர்ந்தெடுக்க ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்க விடுங்கள். 5 சொற்களுக்கு மேல் தடுக்கினால் எளிதானதற்கு மாறுங்கள்.

ஓரறை வீட்டில் மேசை போட இடமிருக்காது. பள்ளி வீட்டுப்பாடத்துக்கு முதல் 30 நிமிடத்தை ஒதுக்குங்கள், கூடுதலாக எதையும் கொடுத்தனுப்பாதீர்கள்.

தொண்டூழியர் அடிக்கடி மாறினால் பிள்ளைகள் ஒதுங்கிவிடுவார்கள். ஓராண்டாவது அதே முகம் வரவேண்டும். 4 முதல் 8 வயதுத் தம்பி தங்கைகள் இருந்தால், தேசிய நூலக வாரியத்தின் கிட்ஸ்ரீட் வாசிப்புத் திட்டத்தைப் பற்றிப் பெற்றோரிடம் சொல்லுங்கள்.