பூமிக்கடியில் விசித்திர நுண்ணுயிர் கிடைப்பது வேற்றுக்கிரக உயிருக்குச் சாட்சி ஆகுமா?

கேள்வி: சுரங்கத்துக்கு அடியிலும் விஷ ஏரியிலும் விசித்திரமான பாக்டீரியாக்கள் கிடைக்கின்றன என்று அடிக்கடி செய்தி வருகிறதே, இதை வைத்து வேற்றுக்கிரகத்தில் உயிர் இருக்கிறது என்று சொல்லிவிடலாமா?

சொல்லிவிட முடியாது. இதுவரை பூமியில் கிடைத்த உயிர் எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் பூமியின் உயிர்தான், அதன் டிஎன்ஏவும் நம் டிஎன்ஏவும் ஒரே நான்கு எழுத்துகளில் எழுதப்பட்டவை, எல்லாம் ஒரே வம்சம். ஆனால் வெளியே எங்கே தேட வேண்டும், கிடைத்தால் அதை எப்படிச் சந்தேகப்பட வேண்டும் என்ற இரண்டையும் இந்த நுண்ணுயிர்கள் கற்றுத் தருகின்றன. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய பாடம், அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

நான் ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கிறேன், வேலை ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். இங்கிருந்து மேற்கே காரில் போனால் கார்ல்டன்வில் பக்கம் ம்போனெங் தங்கச் சுரங்கம் வரும், உலகிலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று, கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர். கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் ஏலியன் பற்றிக் கேட்கும்போதெல்லாம் நான் வானத்தைக் காட்டுவதில்லை, இந்தச் சுரங்கத்தைப் பற்றித்தான் சொல்வேன்.

அங்கே 2.8 கிலோமீட்டர் ஆழத்தில் பாறை வெடிப்பிலிருந்து கசிந்த தண்ணீரை வடிகட்டிப் பார்த்தார்கள். 60 டிகிரிச் சூடு, கொஞ்சம்கூட ஆக்ஸிஜன் கிடையாது. 5,600 லிட்டர் வடிகட்டி எடுத்த டிஎன்ஏவில் 99.9 சதவீதத்துக்கும் மேல் ஒரே ஒரு இனத்துக்குச் சொந்தம்: டீசல்ஃபோரூடிஸ் ஆடாக்ஸ்வியேட்டர். 2008இல் 'சயின்ஸ்' இதழில் அந்த ஆய்வு வந்தது. நாங்கள் தினமும் சோதிக்கும் ஒரு லிட்டர் குளத்துத் தண்ணீரில் எத்தனை எத்தனை இனம் இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று புரியும். கார்பன், நைட்ரஜன் எல்லாவற்றையும் தானே பிடித்துக்கொண்டு, ஒருவர் கையையும் எதிர்பாராமல், ஒரே இனம் தனிக்குடித்தனம் நடத்துகிறது.

அது சாப்பிடுவது என்ன? இங்கேதான் யுரேனியம் வருகிறது. ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியிருக்கும் சுரங்கக் கழிவு மேடுகளில் யுரேனியம் இருப்பது எங்கள் எல்லோருக்கும் உள்ள கவலை, தங்கம் இருக்கும் அதே பாறையில்தான் அதுவும் இருக்கிறது. கீழே அந்த யுரேனியத்தின் கதிர்வீச்சு தண்ணீர் மூலக்கூறுகளை உடைக்கிறது. உடைந்ததில் ஒரு பங்கு ஹைட்ரஜன். மிச்சப் பங்கு பாறையிலுள்ள இரும்பு சல்ஃபைடோடு வினைபுரிந்து சல்பேட்டாகிறது. ஹைட்ரஜன், சல்பேட் இரண்டையும் சேர்த்து இந்தப் பாக்டீரியா பிழைக்கிறது. சொட்டுநீர்ப் பாசனம் மாதிரி மிக மெதுவாக வரும் சாப்பாடு, ஆனால் பல கோடி ஆண்டுகளுக்கு நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். சூரியனுக்கு இதில் பங்கே இல்லை. சரி, தண்ணீர், பாறை, கொஞ்சம் கதிரியக்கம் இவ்வளவுதான் தேவை என்றால் செவ்வாயின் தரைக்கடியிலும் அது சாத்தியம்தானே? சனியின் துணைக்கோள் என்சலடஸ் பீய்ச்சும் நீர்த்திவலையில் ஹைட்ரஜன் இருப்பதைக் கசினி விண்கலம் கண்டது 2017இல் வெளியானபோது விஞ்ஞானிகள் ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டார்கள் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். அங்கே ஹைட்ரஜன் பிறக்கும் வழி வேறாக இருக்கலாம், ஆனால் சாப்பாடு சாப்பாடுதான்.

இப்போது சந்தேகத்துக்கு வருகிறேன். ஆயிரக்கணக்கானோர் இறங்கி வேலை செய்யும் சுரங்கத்தில் எடுத்த பாக்டீரியா அவர்கள் கையிலிருந்தோ துளைபோடும் தண்ணீரிலிருந்தோ வரவில்லை என்று எப்படித் தெரியும்? என் தொழிலே இந்தக் கேள்விதான். ஒவ்வொரு மாதிரியோடும் வெறும் சுத்தத் தண்ணீரையும் அதே வழியில் அனுப்பிப் பார்ப்போம், அதில் ஏதாவது வளர்ந்தால் அன்றைய முடிவு மொத்தமும் குப்பைக்குப் போகும். ம்போனெங் பாக்டீரியா விஷயத்தில் அதன் மரபணுவே ஒரு சாட்சி: ஆக்ஸிஜனைச் சமாளிக்க வேண்டிய முழு அமைப்பு அதனிடம் இல்லை. மேலே காற்றில் பிழைக்கும் உயிருக்கு அது இல்லாமல் முடியாது. அப்புறம் 2021இல் இன்னொரு ஆச்சரியம் வந்தது. தென்னாப்பிரிக்கா, சைபீரியா, கலிஃபோர்னியா மூன்று இடத்திலும் கிடைத்த இதே இனத்தின் மரபணுத் தொகுதிகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. மாதிரிகள் கலந்துவிட்டதோ என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அந்தச் சந்தேகத்தைச் சோதித்துத் தள்ளிய பிறகே, கண்டங்கள் பிரியத் தொடங்கிய சுமார் 17.5 கோடி ஆண்டுகளாக இது பெரிதாக மாறவே இல்லை என்ற விளக்கத்தை முன்வைத்தார்கள்.

சந்தேகப்படாமல் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு, நீங்கள் சொல்லும் 'விஷ ஏரி' கதையே உதாரணம். 2010 டிசம்பரில் நாசா பெரிய செய்தியாளர் கூட்டம் போட்டது. கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியில் கிடைத்த ஜிஎஃப்ஏஜே-1 என்ற பாக்டீரியா பாஸ்பரசுக்குப் பதில் ஆர்சனிக்கை டிஎன்ஏவில் சேர்த்துக்கொள்கிறது என்றார்கள். உண்மையாக இருந்திருந்தால் உயிரின் இலக்கணமே மாறியிருக்கும். 2012இல் வேறு இரண்டு குழுக்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பாக்டீரியாவுக்கும் பாஸ்பேட் வேண்டும் என்று தெரிந்தது, அது ஆர்சனிக்கைத் தாங்குகிறதே தவிர அதனால் உடம்பைக் கட்டவில்லை. 2025 ஜூலையில் 'சயின்ஸ்' அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, எழுதியவர்கள் அதை ஏற்கவில்லை. பூமியில், கைக்கெட்டும் ஏரியில், நல்ல ஆய்வுக்கூட வசதியோடு செய்த வேலைக்கே இவ்வளவு குழப்பம்.

செவ்வாயில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விண்கலங்களைச் சேர்க்கும் தூய அறைகளிலேயே பிழைக்கும் பாக்டீரியா உண்டு. டெர்சிகாக்கஸ் ஃபீனிசிஸ் என்ற ஒன்று ஃபுளோரிடாவிலும் பிரெஞ்சு கயானாவிலும் உள்ள ஏவுதள அறைகளில் கிடைத்திருக்கிறது. நம்மோடு ஒட்டிக்கொண்டு போனதை அங்கே கண்டுபிடித்து 'உயிர்!' என்று கத்திவிடக் கூடாது. 2017 செப்டம்பரில் எரிபொருள் தீரும் நிலையில் இருந்த கசினியை சனிக்குள்ளேயே விட்டு அழித்தது, அது என்சலடஸில் தவறி விழுந்து நம் கிருமியை அங்கே சேர்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். சரியான முடிவு என்று நான் முழு மனதோடு சொல்வேன்.

இன்னொன்று, தாங்கிப் பிழைப்பது வேறு, அங்கேயே பிறப்பது வேறு. ம்போனெங் பாக்டீரியாவின் முன்னோர்கள் வேறெங்கோ உருவாகி அந்த ஆழத்துக்கு வந்து சேர்ந்தவை. செவ்வாயின் ஆழம் இன்று குடியிருக்கத் தோதாக இருந்தாலும், அந்தக் கிரகத்தில் உயிர் ஒருமுறையாவது தொடங்கியிருக்க வேண்டும். ஐரோப்பாவின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஊர்தி 2028இல் செவ்வாய்க்குக் கிளம்பும் திட்டம் இருக்கிறது, 2 மீட்டர் வரை துளைபோடும். இங்கே 2.8 கிலோமீட்டர் போக வேண்டியிருந்ததை நினைத்தால் அது மிகவும் கொஞ்சம்தான், ஆனாலும் மேற்பரப்புக் கதிர்வீச்சு சிதைக்காத மூலக்கூறுகள் அங்கே மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு.

என்ன கிடைத்தால் நான் நம்புவேன் என்று கேட்டால், நம் உயிரோடு ஒத்துப்போகாத ஒன்று. புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்கள், நம் இரண்டு கைகள் மாதிரி ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக, இடக்கை, வலக்கை என்று இரண்டு வகையாக இருக்கும். பூமியில் எல்லா உயிரும் புரதம் கட்ட இடக்கை வகையைத்தான் பயன்படுத்துகிறது. வேறொரு கிரகத்து மாதிரியில் வலக்கை வகை மட்டுமே மிகுந்திருந்தால், அது நம் கையிலிருந்து ஒட்டியது என்று சொல்வது ரொம்பக் கஷ்டம். பூமி மாதிரியே டிஎன்ஏ கிடைத்தால் நான் முதலில் சோதனைக் குழாயைத்தான் சந்தேகப்படுவேன்.

பேசும் வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள். அந்தத் தேடலும் இந்த நாட்டிலேயே நடக்கிறது: கரூ வறண்ட நிலத்தில் 64 ஆன்டெனாக்கள் கொண்ட மீர்காட் தொலைநோக்கி 2022 முடிவிலிருந்து மற்ற வானியல் வேலைகளோடு சேர்த்து ரேடியோ சமிக்ஞைகளையும் தேடுகிறது. அங்கேயும் பாதி வேலை, வந்த சமிக்ஞை நம் செல்போனும் செயற்கைக்கோளும் போட்ட சத்தம் இல்லை என்று நிரூபிப்பதுதான்.