ஏழு வயதுப் பையனுக்குக் கைவிலங்கா?

மேசைக்கடியில் ஒளிந்த உங்கள் ஆட்டிசப் பையனைப் பள்ளிக் காவலர் இழுத்து விலங்கு மாட்டினார், நிர்வாகமோ "விதிப்படிதான்" என்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மணிக்கட்டை இன்றே போட்டோ எடுங்கள், சிவப்புத் தடம் சீக்கிரம் மறைந்துவிடும். கேமராப் பதிவை அழிக்கக்கூடாது என்று மின்னஞ்சலில் கேளுங்கள். போன் பேச்சு எதற்கும் நிற்காது (முதல்வர் இனிக்க இனிக்கத்தான் பேசுவார்). ஐஇபி (சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டம்) கூட்டத்தையும் எழுத்திலேயே கேளுங்கள். பையன் பதறும்போது யார் அருகில் வரலாம், யார் தொடக்கூடாது என்பது அந்தத் திட்டத்தில் ஏறணும். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலப் பள்ளிகளில் 8, 9 வயதுப் பிள்ளைகளுக்கு முழங்கைக்கு மேலே விலங்கு பூட்டினார்கள். அது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2017-ல் ஃபெடரல் நீதிமன்றம் சொன்னது. அதனால் "விதிப்படி" என்றதும் அடங்கிவிடாதீர்கள். அமெரிக்கக் கல்வித் துறையின் சிவில் உரிமைகள் அலுவலகத்தில் புகார் தர, சம்பவத்திலிருந்து 180 நாள்தான் கெடு.